கீழ்த்தளத்தில் ஒன்பது ஜனவரிகள்

சுப்பீரியர் ஏரி உறைந்தால் ஆர்விட் வீட்டுக்கு வருவான்.
தோள்பையோடு ஒரு வாளியும் வரும்,
இரும்புத்தாதுக் கப்பலின் தளத்துக்கு அடித்து
மிச்சமான செம்பழுப்பு.
பையை அவிழ்க்குமுன் வாளியைத் திறந்துவிடுவான்.

ஒன்பது வருடம், ஒன்பது பூச்சு.
உரிந்ததைச் சுரண்டுவதில்லை,
அதன் மேலேயே அடுத்தது.
பூசி மெழுகுவதில் உன் அண்ணனை மிஞ்ச
துலூத்தில் ஆளில்லை என்று
இங்ரிடிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.
அவள் சிரிக்கவில்லை.

மார்ச் கடைசியில் கப்பல் கிளம்பியது.
மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை
வாஷிங் மெஷினை நகர்த்தினேன்.
அடியில் பெயிண்டே கிடையாது.
சாம்பல் நிறத்தில் ஒரு வெற்றுச் செவ்வகம்,
ஓரமெல்லாம் தூரிகை முட்டித் திரும்பிய தடம்.
ஒன்பது தடவையும் சுற்றியே அடித்திருக்கிறான்.

களிம்பைத் தடவி, பாலிதீனைப் போர்த்தி,
ஜன்னலைத் திறந்துவிட்டு மாடியில் தூங்கினேன்.
காலையில் தரை பால் ஆடைபோலச்
சுருங்கி எழும்பியிருந்தது.
முழங்காலுக்கு ரப்பர் மெத்தை, கையில் சுரண்டி.
ஒன்பது, எட்டு, ஏழு, ஆறு.
கீழிருந்து ஐந்தாவதில்
மூன்று வெள்ளை மயிர்கள் ஒட்டியிருந்தன.
நாய் செத்து நாலு வருடமாகிறது.
சுரண்டியைக் கொஞ்ச நேரம் கீழே வைத்தேன்.
பிறகு அதையும் வழித்தேன்.

பதினோரு சாக்குப் பொருக்கு.

ஹார்ட்வேர் கடை லொரெய்னிடம்
நல்ல சாம்பல் பெயிண்ட் கேட்டேன்.
தரமாட்டேன் என்றாள்.
"ஒரு முழம் பாலிதீனைத் தரையில் விரி,
நாலு ஓரமும் டேப் ஒட்டு,
ஒரு நாள் கழித்துப் பார்த்துவிட்டு வா."

மறுநாள் உள்பக்கம் முழுக்கத் துளிகள்.
காய்ச்சல் விட்ட நெற்றியில் பொடிப்பதுபோல.

எங்கள் வீடு மலைச்சரிவில் இருக்கிறது.
மேலே உருகும் பனியெல்லாம்
எங்கள் அடியில் நடந்துதான் ஏரிக்குப் போகிறது.
கான்கிரீட்டைக் கல் என்று நினைத்திருந்தேன்.
அது மிக நிதானமாக நனைகிற துணி.
அவன் சுரண்டியிருந்தாலும் உரிந்திருக்கும்.
நான் அடித்திருந்தாலும் உரிந்திருக்கும்.
மேலிருந்து ஒருவன் மூட மூட
கீழிருந்து தண்ணீர் விரலால் நெம்பிக்கொண்டிருந்தது.
நானோ அவன் கையைக் குறை சொன்னேன்,
அவன் கையைத் தாண்டியும் சிலவற்றை.

லொரெய்ன் கொடுத்தது தண்ணீர் மாதிரி ஒரு திரவம்.
மேலே நிற்காது, தரை குடித்துவிடும்.
ஈரம் வந்தால் வரட்டும், போகட்டும் என்றாள்.
காய்ந்தபின் தரை அழகாக இல்லை.
திட்டுத்திட்டாக, மழைக்கு முந்தைய வானமாக,
குறுக்கே ஒரு விரிசல், கொதிகலன்வரை.
நான் அதில் வெறுங்காலோடு நடந்தேன்.

கப்பல் கரையோரம் வரும்போது
பத்து நிமிடம் சிக்னல் கிடைக்கும்.
"உரித்துவிட்டேன்."
"எல்லாமா?"
"எல்லாமும்."
"என்ன நிறம் போடப் போகிறாய்?"
"நிறமே இல்லை, ஆர்விட்."

எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது.
பிறகு, சம்பளத்தைக் கேட்பவன் குரலில்,
"அப்படியானால் ஜனவரியில் நான் என்ன செய்வேன்?"

வந்த முதல் வாரம்
எங்களுக்குப் பேச எதுவுமே இருந்ததில்லை.
பத்து மாதத்தை எந்த முனையிலிருந்து எடுப்பது?
அவன் கீழே, நான் மேலே,
நடுவில் படியேறி வரும் பெயிண்ட் வாடை.
அந்த வாடை அடங்கும்போது
எப்படியோ பேச ஆரம்பித்திருப்போம்.
இவ்வளவுதான் அந்த வாளி.
நான் அதைச் சாக்கில் கட்டி
குப்பை வண்டியில் ஏற்றிவிட்டேன்.

"படிக்கட்டு இருக்கிறது" என்றேன்.
"பதின்மூன்று படி. மரம்.
சுரண்டிவிட்டுத்தான் அடிக்கணும்.
இந்தத் தடவை நானும்..."

சிக்னல் போய்விட்டது.
எதுவரை கேட்டான் என்று தெரியாது.

லொரெய்ன் கடையில்
இன்னொரு சுரண்டி பதினோரு டாலர்.